விளக்கு வைத்த பிறகு உப்பு

மித்ரா ஒருவழியாகத் தூங்கிவிட்டாள், அம்மாவின் நீட்டிய கால்களின் மேலேயே, குளிப்பாட்டிய ஈரம் கழுத்து மடிப்பில் இன்னும் காயாமல். இனி சிந்துஜா அசையக் கூடாது. அசைந்தால் அந்தச் சின்ன நெற்றி சுருங்கும், கீழுதடு பிதுங்கும், பிறகு தெருவே வந்து என்ன ஏதென்று விசாரிக்கும்படி ஓர் அழுகை. தடுப்பூசிக் காய்ச்சல் பிள்ளையைப் பாடாய்ப் படுத்திவிட்டு நேற்றுத்தான் விட்டது. இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள், தூங்கட்டும், தூங்கட்டும் தங்கம். முதுகுக்குப் பின்னால் சுவர் சில்லென்று இருந்தது. எதிரே ஃபிரிட்ஜின் தலையில் போன் சார்ஜில் கிடந்தது. எழுந்து போனால் எடுத்துவிடலாம், எழத்தான் முடியாது. அது எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். கணவன் தண்டபாணி விடிவதற்கு முன்பே வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஜில்லாக் கோர்ட்டுக்குப் போய்விட்டான். இன்றைக்கு அப்பீலில் தீர்ப்பு. வீட்டில் காய்ச்சி விற்ற கொய்யா ஜாமில், கெடாமல் இருக்கப் போடும் மருந்து அளவுக்கு மேல் இருந்ததற்காகக் கீழ்க் கோர்ட்டு அவளுக்கு ஒரு மாத ஜெயில் கொடுத்திருந்தது. சிந்துஜாவுக்கு, கான்வென்ட்டில் வருஷா வருஷம் நன்னடத்தைக் கப்பு வாங்கிய சிந்துஜாவுக்கு, ஜெயில். அந்த ஒரு மாதம் நிற்குமா, போகுமா. “அப்பீல்ல தீர்ப்புச் சொல்றப்ப நீ வந்துதான் ஆகணும்னு இல்லம்மா, காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிட்டு அலையாத, உங்க வீட்டுக்காரர் வந்தாப் போதும்” என்று வக்கீல் ஜெயசீலன் சொன்னபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இப்போது, போயிருக்கலாமே என்றிருக்கிறது. அங்கே இருந்தால் ஜட்ஜின் முகத்தையாவது பார்க்கலாம். இங்கே பார்க்க ஃபிரிட்ஜின் முகம்தான் இருக்கிறது, அதன் கதவில் ஒட்டிய மஞ்சள் வாத்து இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சமையலறையில் புளி கரைக்கும் சத்தம் நின்றது. அடுத்தது என்ன வரும் என்று தெரியும். வந்தது. மாமியார் நாச்சம்மாளின் குரல், ஊருக்குத் தண்டோரா போடுகிற மாதிரி: “கண்ணு, ரசத்துக்கு உப்புப் போட்டுட்டேன்!” சரிங்கத்தை என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள். மித்ராவின் இமை லேசாகத் துடித்து அடங்கியது. கேஸ் வந்த நாளிலிருந்து இப்படித்தான், அத்தை எதில் உப்புப் போட்டாலும் அறிவிப்பு உண்டு, பகலானாலும் சரி, விளக்கு வைத்த பிறகானாலும் சரி. விளக்கு வைத்த பிறகும்கூட, அதை நினைத்தால்தான் சிந்துஜாவுக்கு நெஞ்சை என்னவோ பண்ணும்.

ஏனென்றால் இந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு உப்பு என்ற பேச்சே கிடையாது. கேட்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் ‘பாஸ் த சால்ட் ப்ளீஸ்’ என்று கேட்காமல் எட்டி எடுத்தால்தான் சிஸ்டர் பெனிட்டா கண்ணாடிக்கு மேலாக முறைப்பார். அந்தப் பழக்கத்தில் ஒரு சாயங்காலம், மாடத்தில் விளக்கு எரிகிறபோது, அத்தை, உப்புப் போட்டாச்சுங்களா என்று கணீரென்று கேட்டுவிட்டாள். நாச்சம்மாள் கோபிக்கவில்லை. முகம் மட்டும் சாம்பல் பூத்துப்போனது. அன்று ராத்திரி தண்டபாணிதான் சொன்னான், அப்பா மோட்டார் ரூமில் கரண்ட் அடித்து இறந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு கை உப்பு அள்ளிக் கொடுத்திருந்தார்களாம். அதுக்கும் இதுக்கும் என்ன மாமா சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும். அந்த முகத்தை இன்னொரு தரம் அப்படி ஆக்க வேண்டாம். நம்பாமலே கடைப்பிடித்தாள், பள்ளிக்கூடத்தில் சாமி வேறு என்றாலும் ஜெபம் சொன்ன மாதிரி. ஜாம் கெடாமல் இருக்கப் போடுகிற அந்த வெள்ளைத் தூள் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருக்கும். அத்தைக்கு அதுவும் ஜாம் உப்புதான், அதற்கும் அதே சட்டம்தான். அதனால் ஜாம் எப்போதும் பகலில்தான் காய்ச்சுவார்கள். அன்றைக்கு மட்டும் ஆயக்குடியிலிருந்து கொய்யா வண்டி பஞ்சராகிப் பொழுது சாய்ந்துதான் வந்தது. தொட்டால் அமுங்குகிற பழம், வீடு முழுக்க வாசனை, காலைவரை தாங்காது. இன்னிக்கே இறக்கிருவோங் கண்ணு என்றாள் அத்தை. மித்ரா அப்போது வயிற்றில், பழ வாசனை பட்டாலே குமட்டல். பெரிய சட்டியில் விழுது கொதித்துக் குமிழ் குமிழாகத் தெறிக்க, அத்தை துடுப்பால் கிளற, சிந்துஜா கரண்டியில் தூளை அளந்து, தலைதட்டி, வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். ஊற்றினாளா? ஊற்றினாள். ஊற்றிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கரண்டி ஈரமாக மேடையில் இருந்தது. தான் போட்ட ஈரமா, போடுவதற்காகக் கழுவி வைத்த ஈரமா? அத்தையைப் பார்த்தாள். அத்தை இவளைப் பார்த்தாள். மாடத்தில் விளக்கு எரிந்தது. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், எதற்கென்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

போட்டேன், பிறகு மறுபடியும் போட்டேனா, இல்லை நான் கொல்லைப் பக்கம் போனபோது அத்தை போட்டாளா. இந்த இடத்தில் வந்துதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், முள்வேலியில் முந்தானை மாதிரி. மெதுவாக எடுக்கப் பார்த்தால் இன்னொரு முள். ரிப்போர்ட் வந்து, மருந்து இருக்க வேண்டியதற்கு இரண்டு பங்கு என்று வக்கீல் படித்துச் சொன்னதும் அத்தைதான் முந்திக்கொண்டாள். “நானுந்தான் போட்டேன். புள்ள வாந்தி எடுக்கப் போயிருச்சு, மறந்துருக்கும்னு போட்டேன்.” சரிதான், அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அத்தை பொய் சொல்லுகிறவள். அன்புக்கு என்றால் கூசாமல் சொல்லுவாள். மாமனார் வாங்கி வைத்த கண்ணாடிக் கிண்ணத்தைச் சிந்துஜா உடைத்தபோது, என்ற கைதான்டா வழுக்கிருச்சு என்று மகனிடம் சொன்னவள். மருமகள் எட்டு மணிவரை தூங்குகிற நாளில் விருந்தாளி வந்துவிட்டால், கோழி கூப்பிட எந்திரிச்சு வேலையெல்லாம் முடிச்சுட்டு இப்பத்தானுங் தலையச் சாய்ச்சா என்று ஒரு காவியமே பாடுவாள். அப்படிப்பட்டவள் இதை மட்டும் நிஜமாகவா சொன்னாள்? ஒருவேளை அத்தை சட்டியைத் தொடவே இல்லையோ. நான்தான் குமட்டலில் இரண்டு தடவை போட்டேனோ. சாம்பிள் எடுக்க வந்த ஆபீசர்கூட நல்லவர்தான், பாவம். அத்தை கொடுத்த காபியை, டியூட்டியில குடிக்கக் கூடாதுங்கம்மா என்று மறுத்தார். நாலு பாட்டிலில் எடுத்து, நூல் கட்டி, அரக்கு உருக்கிச் சீல் வைத்துக்கொண்டே, “வாசனை தூக்குதும்மா, எங்க வீட்லயும் இதான் வாங்குறோம்” என்றார். அத்தைக்கு ஒரே பெருமை, பாத்தியா, கவர்மெண்டே நம்ம ஜாம்தான் திங்குது! பிறகு அவர் கை வழியாகத்தான் அந்தச் சொல்லும் வந்தது. பாதுகாப்பற்ற உணவு. ஜாமுக்குச் சொன்ன சொல், ஒட்டிக்கொண்டது அவளிடம். பிரசவ வார்டில் நர்ஸ் மித்ராவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மார்பில் வைத்து, குடும்மா, முதல் பாலு, அதான் மருந்து என்றபோது சிந்துஜாவின் உடம்பே ஒரு கணம் பின்வாங்கியது. என்னிடமிருந்து வருவது பாதுகாப்பானதுதானா? யார் சோதித்தார்கள்? பிள்ளைக்கு எந்த ஆய்வறிக்கையும் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தையே நம்புகிறவள் மாதிரி, கபக்கென்று பற்றிக்கொண்டாள். இதோ, இப்போதும் தூக்கத்தில் வெறும் வாயைச் சப்புகிறாள். கனவிலும் நம்பிக்கை. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, மரக்கத் தொடங்குகிறது. குழந்தையின் முழங்கை மடிப்பில் ஒரு துளி எண்ணெய் மின்னுகிறது.

இன்னும் போன் அடிக்கவில்லை. கோர்ட்டில் பத்தரைக்கு மேல்தான் கேஸைக் கூப்பிடுவார்கள் என்று தண்டபாணி சொல்லியிருந்தான், மணி என்ன ஆகிறதோ, கடிகாரம் பின்சுவரில். திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்காமல் இருப்பதும் நல்லதுதான். எல்லாம் அவள் ஒப்புக்கொண்டதால் வந்தது. அன்றைக்கு, முதல் வாய்தாவில், வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இல்லைங்கன்னு மட்டும் சொல்லும்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன், சாம்பிள் எடுத்த விதம், அனுப்பின தேதி, எத்தனையோ ஓட்டை இருக்கு. சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டுத்தான் கூண்டில் ஏறினாள். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி கழற்றிய விதம், அந்தக் குரல், அசெம்பிளி ஹாலில் நிற்கிற மாதிரியே இருந்தது. கரும்பலகையில் யார் பூனை வரைந்தது? உண்மையைச் சொன்னால் பாதித் தண்டனை, சொல்லாவிட்டால் வகுப்புக்கே தண்டனை என்பார் சிஸ்டர் பெனிட்டா. சொன்னவளைப் பிறகு கூப்பிட்டு ஒரு மிட்டாயும் கொடுப்பார். சிந்துஜாவின் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. “எஸ், யுவர் ஆனர். நான்தான் போட்டேன்.” அதோடு விட்டாளா, ஸாரி என்று வேறு சொன்னாள். வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டதைக் கூண்டிலிருந்தே பார்த்தாள். உண்மை சொல்லத்தான் சொன்னாளா? அது மட்டுமா? இல்லை என்று சொன்னால் கேஸ் நடக்கும், சட்டி யாருடையது, கிளறியது யார், கரண்டி யார் கையில் இருந்தது என்று நோண்டுவார்கள், அத்தையைக் கூண்டில் ஏற்றி விளக்கு வைத்த பிறகு ஏன் கேட்கவில்லை என்று கேட்டுக் கோர்ட்டே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்த முகம். முடியாது. ஆனால் அத்தை விடுவாளா, பின்பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். “அவ இல்லீங்க சாமி, நானுங்க! அவ வாந்தி எடுக்கப் போயிட்டாங்க!” டவாலி ஓடிவந்து, அம்மா, உக்காருங்க, இது சந்தையில்ல என்றார். “சந்தைன்னா நான் ஏன்யா கத்தப் போறேன், சந்தையில பேரத்தை மொள்ளத்தான் பேசுவோம்!” மாஜிஸ்திரேட்டுக்கே உதடு துடித்தது. துடித்த உதட்டாலேயே ஒரு மாதம் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டதால் குறைத்துத்தான் கொடுக்கிறேன், உணவு விஷயத்தில் இரக்கம் காட்டினால் நாளைக்கு ஊரே நோயில் விழும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த ஜாமை எத்தனை குழந்தைகள் ரொட்டியில் தடவித் தின்றிருக்கும்? வெளியே வந்து வேப்பமரத்தடியில் வக்கீல் பல்லைக் கடித்தார். “ஒப்புக்கிட்டியேம்மா! இனிமே நான் குத்தம் பண்ணலைன்னு அப்பீல் போக முடியாது. தண்டனை ஜாஸ்தி, குறைங்கன்னு மட்டும்தான் கெஞ்சலாம்.” தண்டபாணி எதிர்க்கடையில் போய் ஒரு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். எப்போதோ சிஸ்டர் கதையை அவனிடம் சொல்லியிருக்கிறாள் போல. அதைப் பார்த்ததும்தான் அழுதாள்.

அந்த ஒரு மாதம் மட்டும் நின்றுவிட்டால்? மாதக் கடைசியில் மித்ராவுக்கு ஒரு வயது. பழனியில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல், தாய்மாமன் வேட்டிகூட எடுத்து வைத்துவிட்டான். அம்மா இல்லாத மொட்டையா? தலை பாரம் போய்ப் பயந்து திரும்பித் திரும்பித் தேடுவாளே, யாரைத் தேடுவாள்? பால்குடிப் பிள்ளையை ஜெயிலில் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் விசாரித்து வந்தார். வைத்துக்கொள்வதா? மித்ரா இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறாள். முதல் அடியை ஜெயில் சுவரைப் பிடித்தா வைக்க வேண்டும்? விட்டுப் போவதா? விட்டுப் போனால் பால் வற்றிவிடும், ஒரு மாதம் கழித்து வந்து மாரைத் திறந்தால் இவள் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால்? நினைக்கும்போதே இரண்டு பக்கமும் சுரந்து ரவிக்கை நனைந்தது. உடம்புக்கு மட்டும் எவ்வளவு சீக்கிரம் புரிகிறது. ஹெயில் மேரி ஃபுல் ஆஃப் கிரேஸ் என்று வாய் முணுமுணுத்தது, பாதியில் முருகா என்று ஆனது, மறுபடி மேரிக்குப் போனது. கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இரண்டு பேரும் பிள்ளை சம்பந்தப்பட்டவர்கள். நேற்று அத்தை அவளுடைய தலையைப் பின்னிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். “நான் ஒன்னு சொல்லட்டா அம்மிணி? பேரைத்தான பாப்பாங்க, மொகத்தையா பாக்கப் போறாங்க. நான் முக்காடு போட்டுட்டுப் போயி சிந்துஜான்னு சொல்லி உள்ள உக்காந்துக்கறேன்.” வயசு கேப்பாங்களே அத்தை. “கவலையில நரைச்சுப்போச்சுன்னு சொல்றேன்.” கூட்டிக் கழிச்சுப் போடச் சொன்னா? இங்கிலீஷ்ல பேசச் சொன்னா? அத்தை பின்னலை நிறுத்தி யோசித்தாள். “எஸ்ஸு, ஸாரி. இந்த ரெண்டுதான நீயே பேசுன?” சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர். அப்புறம் சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை, பின்னல் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது. அத்தைக்கு எப்போதும் பின்னலை இறுக்கித்தான் பின்ன வரும், நெற்றித் தோலே மேலே இழுக்கும். இன்றைக்கும் வலிக்கிறது. வலிக்கட்டும். அவள் பின்னிய பின்னல் குலையாமல் இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று, காலையிலிருந்து எதற்கென்றே தெரியாமல், தலையைச் சுவரில் படாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். பார், நம்பிக்கை எப்படித் தொற்றுகிறது.

போன் அடித்தது. ஃபிரிட்ஜின் தகரத்தில் அதிர்ந்து வண்டு மாதிரி உறுமிக்கொண்டே நகர்ந்தது. மித்ராவின் புருவம் நெளிந்தது, சிந்துஜாவின் கால் இரண்டும் மரத்து அவளுடையதாகவே இல்லை. அத்தை ரசக் கையோடு ஓடிவந்தாள். புடவையில் கையைத் துடைத்து, போனைக் கும்பிட்டு எடுத்து, தள்ளுகிற பக்கம் தெரியாமல் சிவப்புப் பக்கம் தள்ளிவிட்டாள். உறுமல் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதே பார்வை. “கட் பண்ணிட்டேனா கண்ணு?” ஆமாம் என்று தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலுக்காவது அர்த்தம் தெரிந்தது. மறுபடி உறுமியது. பச்சைங்கத்தை, பச்சை என்று கிசுகிசுத்தாள். வயரைப் பிடுங்கிக்கொண்டு அத்தை வந்து பக்கத்தில் குந்தி, போனைக் குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் அகல்விளக்கு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். தண்டபாணியின் குரல் மூச்சு வாங்கியது. பின்னால் லாரி ஹாரன், யாரோ டீ டீ என்று கத்துவது.

“சிந்து? சிந்து, இருக்கறயா? ஜெயிலு இல்ல. ஜெயிலு இல்ல புள்ள.”

அத்தைதான் கேட்டாள். “அப்ப விட்டுட்டாங்களா சாமி?”

“விடல. குத்தம் குத்தந்தான், ஒத்துக்கிட்டா, அதை மாத்த முடியாதுன்னுட்டாரு. அபராதத்தக் கொஞ்சம் ஏத்திட்டாரு. ஒரு மாசத்துக்குப் பதிலா, கோர்ட்டு கலையிற வரைக்கும்னு போட்டுருக்காரு.”

“அப்படின்னா?”

“நானும் அதான் கேட்டேன் வக்கீலை. திங்கக்கிழமை முன்ன தண்டனை குடுத்த கோர்ட்டுக்கு இவ வரணும். காலையில உள்ள உக்காரணும். சாயங்காலம் ஜட்ஜ் எந்திரிச்சுப் போற வரைக்கும் அசையாம உக்காந்திருக்கணும். அவரு எந்திரிச்சா இவளும் எந்திரிச்சு வீட்டுக்கு வந்தரலாம். அதான் தண்டனையாம்.”

“சும்மா உக்காந்திருக்கறதா?” நாச்சம்மாளால் நம்ப முடியவில்லை. “அடக் கடவுளே, அதுக்கு எதுக்குடா அவ? நான் போயி உக்காந்துக்கறேன்!”

“நீங்க வேண்டாம்மா. டவாலி உங்களை நல்லா ஞாபகம் வெச்சிருக்காரு.”

சிந்துஜாவுக்கு உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கியது. சத்தம் போடக் கூடாதே என்று உதட்டைக் கடித்தாள், தோள் குலுங்கியது, சிரிப்பில் அழுகை எங்கே சேர்ந்துகொண்டது என்று தெரியவில்லை. பாப்பாவைக் கூட்டிட்டு வரலாமா மாமா என்று ஒருவழியாகக் காற்றுக் குரலில் கேட்டாள். அங்கே வக்கீலிடம் கேட்கிற சத்தம், பிறகு சிரிப்பு. “பெஞ்சுல இடம் இருக்கும்ங்கறாரு. அழுதா மட்டும் பாப்பாவ வெளிய குடுத்துரணுமாம். நான் வாசல்லயே நிக்கறேன். மிட்டாய் வாங்கி வெச்சுட்டேன் புள்ள.” போன் அணைந்தது. அத்தை அதை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், முதலில் தன் முகத்தை, பிறகு அதே முந்தானையால் மருமகளின் முகத்தை. புளியும் பெருங்காயமும் மணத்தது. நீங்க நெஜமாவே போட்டீங்களா அத்தை, அன்னைக்கு, என்று நாக்கு நுனிவரை வந்தது. பட்டப்பகல், கேட்கலாம், தடையில்லை. அத்தையின் முகம், கண் சிவந்து, ஒரு பல் மட்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தாள். கேட்க வந்தது மெதுவாகத் திரும்பிப் போய்விட்டது.

நாச்சம்மாள் குனிந்து குழந்தையின் அடியில் கையைக் கொடுத்தாள். “குடு கண்ணு, தொட்டில்ல போட்டர்றேன். உனக்குக் காலெல்லாம் மரத்துப்போயிருக்கும்.”

மித்ரா பெருமூச்சு விட்டு, அம்மாவின் முட்டியைக் கட்டிக்கொண்டு, இன்னும் ஆழமாகத் தூக்கத்துக்குள் போனாள்.

“இருக்கட்டுங்கத்தை,” என்றாள் சிந்துஜா. “அவ எந்திரிக்கட்டும்.”